தீ காத்த கூலி

ஊட்டிப் பக்கம் கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸைப் பற்றிப் பேச்செடுத்தால் யாரானாலும் ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள்: “வெள்ளைக்காரன் வெச்சான், தண்ணி போச்சு.” இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். அப்பாவின் அப்பா, எங்களுக்கு அப்பாரு, 1960-களில் பைகாரா பக்கம் தினக்கூலிக்கு நாற்று நட்டவர். பஸ் அந்த வழியாகப் போனால் ஜன்னல் கம்பியைத் தட்டி, “இது நான் வெச்ச காடு” என்பார். மனை வாங்கிப் போட்டவரின் குரல் அது.

வைத்தவர் அப்பாரு என்றால், வைக்கச் சொன்னது யார்?

வெள்ளைக்காரன் கதையில் பாதி உண்மை இருந்தது. 1843-லேயே நீலகிரிக்குக் கற்பூரம் வந்துவிட்டது. விறகுக்காகச் சோலைகள் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்ததால், அதற்கு மாற்றாகத்தான் முதல் தோப்புகளைப் போட்டார்கள். சோலையைக் காக்க வந்த மரம்! ஆனால் புல்வெளி மலைகள் வரிசையாக மறைந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. புல்வெளிக்குத் தரிசு என்று பெயர் வைத்தாயிற்று. தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை மரம், சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கற்பூரம்.

தேடிப் போனதில் நீலகிரியின் கிளன்மார்கனில் நடந்த ஓர் ஆய்வு கையில் கிடைத்தது. அடுத்தடுத்த இரண்டு ஓடைப் பள்ளங்கள், தலா சுமார் 32 ஹெக்டேர். ஊட்டியில் உள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் 1968 முதல் இரண்டிலும் ஓடிவரும் நீரை அளந்தார்கள். 1972-ல் ஒன்றைப் புல்லும் சோலையுமாக விட்டுவிட்டு, மற்றதில் 59 சதவீதப் பரப்பில் கற்பூரம் நட்டார்கள். முதல் பத்து வருடத்தில் நட்ட பக்கத்து ஓடையின் ஆண்டு நீர் 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டை மறுபடி துளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதம்.

அந்த இரண்டாம் எண்ணில் பல வாரம் சிக்கிக் கிடந்தேன். வெட்டிய மரத்துக்குத் தாகம் எப்படிக் கூடும்? தலைதான் போனது, வேர் போகவில்லை. புது நாற்று வருடக்கணக்கில் இறங்க வேண்டிய ஆழத்தில், கட்டையின் வேர் முதல் நாளே நிற்கிறது. மழைக்காலத்தில் இந்தக் குறைவு கண்ணில் படாது. மாசி, பங்குனியில் ஓடை நூலாகும்போதுதான் தெரியும். ஆனால் இது அப்பாரு நட்டு முடித்த பிறகு தொடங்கிய கணக்கு. என் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

கடைசியில் அப்பாருவோடு நாற்றுக்கூடை சுமந்த பெரியவர் ஒருவரைப் பிடித்தேன். “நடச் சொன்னது யாருங்க?” என்று நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் கூலிக் கணக்கைத்தான் சொன்னார்.

“நட்டதுக்கு ஒரு மழைக்குக் கூலி, கண்ணு. தீ காத்ததுக்கு வருசா வருசம் கூலி.”

எரிச்சலோடு எழுந்தேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போதுதான் அவர் பதில் சொல்லிவிட்டார் என்று உறைத்தது. அப்பாரு நட்டது சில வாரம். தை பிறந்தால் தீத்தடுப்புக் கோடு வெட்டி, கோடை மழை விழும்வரை மலைமேட்டில் உட்கார்ந்து புகை பார்த்தது பல வருடம். தீ நுழைந்திருந்தால் அந்த இளங்கன்றுகளில் எத்தனை மிஞ்சியிருக்கும்? மரம் வந்த கதையைத் தேடிய நான், தீ நின்ற கதையைக் கேட்டிருக்க வேண்டும்.

நீலகிரியில் எருமை மேய்த்த தோடர்கள் முன்பெல்லாம் கோடையில் முற்றிய புல்லுக்குத் தீ வைப்பார்கள். மழை விழுந்ததும் எருமைக்கு இளம்புல் கிடைக்கும். 1882-ல் வந்த சென்னை வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ மூட்டுவதைக் குற்றமாக்கியது. புல்வெளி பறிபோன கதை நாற்றுக்கூடையோடு தொடங்கவில்லை. அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது.

அப்படியானால் சீகையை வெட்டிப் பழையபடி தீ வைத்துவிட்டால் புல் திரும்புமா? இந்த யோசனை தந்த மகிழ்ச்சியோடு மறுபடி அந்தப் பெரியவரிடம் ஓடினேன். அவர் என்னைச் சீகை வெட்டிய சரிவுக்குக் கூட்டிப்போய், காலால் சருகை ஒதுக்கி, ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உதிர்த்தார். கறுத்த, பளபளக்கும் சின்ன விதைகள். ஓடு தடித்த இந்த விதை பல பத்தாண்டு மண்ணுக்குள் கிடக்கும். சூடு பட்டால் ஓடு வெடித்து முளைக்கும். அன்று புல்லைக் காத்த தீ, இன்று சீகையை எழுப்பும்.

2022-ல் தமிழக அரசு அந்நிய மரங்களை அகற்றக் கொள்கை வகுத்திருப்பதை அவரிடம் சொன்னேன். கையைத் தட்டிக்கொண்டே கேட்டார்:

“அப்ப இனி தீ வெக்கறதுக்குக் கூலியா, காக்கறதுக்கா?”