பனியில கருகின டேலியா

மார்கழி, தை மாசத்துல ஊட்டிக்கு வர்றவங்க புல்வெளி வெள்ளையா கிடக்கிறதைப் பார்த்து போட்டோ எடுப்பாங்க. அழகுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா பள்ளத்துல தோட்டம் வச்சிருக்கிற எங்களுக்கு உறைபனின்னா வயித்துல புளியைக் கரைக்கும். வானம் தெளிவா இருந்து காத்தும் அடிக்கலைன்னா, குளிர் சரிவுல இறங்கி பள்ளத்துல வந்து தேங்கிடும். மேட்டுத் தோட்டம் தப்பிச்சுக்கும், எங்களோடது மாட்டிக்கும். மேகம் மூடின ராத்திரின்னா நிம்மதியா தூங்குவோம்.

மூணு வருஷம் முன்னாடி புரட்டாசியில நட்ட உருளைக்கிழங்கு, தோண்ட மூணு வாரம் இருக்கும்போது ஒரே ராத்திரியில போச்சு. வெயில் பட்டதும் இலையெல்லாம் வெந்நீர் ஊத்தின கீரை மாதிரி ஆயி, சாயங்காலம் கருத்துப் போச்சு. இலை போனா கிழங்கு பருக்காது. மண்டியில பொடிக்கிழங்கு விலைதான் கெடச்சுது. வாங்கின கடன் அப்படியே நின்னுச்சு. அந்தத் தையிலயே பெரியவன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குக் கிளம்பிட்டான்.

அதே ராத்திரியில வாசல்ல இருந்த டேலியாவும் கருகுச்சு. மச்சான் வந்து பார்த்துட்டு, "பூவையா திங்கப் போறீங்க? பிடுங்கிட்டு அங்கயும் பூண்டு போடுங்க மாமா"ன்னார். வீட்டுக்காரி விடல. "மேலதான் கருகியிருக்கு, தொடாதே"ன்னுட்டா.

அவ சொன்னது சரி. டேலியாவும் கிழங்குச் செடிதான், மெக்சிகோ மலைப்பக்கத்துச் செடி. பனிக்கட்டி கொட்டுற நாடுகள்ல கிழங்கைத் தோண்டி வீட்டுக்குள்ள வச்சு காப்பாத்துவாங்க. இங்க உறைபனி மேலோட நின்னுடும், மண்ணுக்குள்ள இறங்காது. குளிரை விட ஈரம்தான் கிழங்குக்கு எமன். தண்டு குழல் மாதிரி இருக்கும். வெட்டினா தண்ணி உள்ள இறங்கி அழுகிடும். அதனால ஒரு சாண் விட்டு வெட்டி, மேல கொட்டாங்குச்சியைக் கவுத்து வைப்பா. மண்ணு அணைச்சு, மிலாரை வெட்டிப் போட்டு மூடுவா. ஊட்டி தாவரவியல் பூங்காவிலயும் பனிக்காலத்துல செடிகளுக்கு மிலார்தான் போர்வை.

இன்னொண்ணு. உருளைக்கிழங்குல உடம்பு பூரா கண்ணு இருக்கும், வெட்டி நட்டாலும் முளைக்கும். டேலியாவுக்குக் கண்ணு தண்டும் கிழங்கும் சேர்ற கழுத்துலதான். கழுத்து ஒடிஞ்சா கிழங்கு எவ்வளவு பெருசா இருந்தாலும் முளைக்காது. இது தெரியாம பிடுங்கி இழுத்தா எல்லாம் வீண்.

சித்திரை மழையில முளை விட்டுச்சு. ஆவணியில மொட்டு. ரெண்டாம் சீசனுக்கு நீங்கள்லாம் மலையேறி வர்ற புரட்டாசியில சிவப்பும் மஞ்சளுமா தட்டு அகலத்துக்குப் பூ. ஆயுதபூஜைக்கு பெரியவன் வந்திருந்தான். மம்பட்டிக்கும் மருந்தடிக்கிற மெஷினுக்கும் அந்தப் பூவைத்தான் வச்சோம். அவன் ரெண்டு நாள் இருந்தான். சும்மா இல்ல, கேரட்டுக்குக் களை எடுத்துக் குடுத்தான். திரும்பி வந்துடுடான்னு நானும் கேக்கல, வர்றேன்னு அவனும் சொல்லல. போகும்போது, "இந்த வருஷமும் உருளை போடுறீங்களாப்பா?"ன்னு கேட்டான். பள்ளத்துல கேரட், மேட்டுல கொஞ்சம் குத்தகைக்குப் பிடிச்சு உருளைன்னேன். கேரட் பனியை ஓரளவு தாங்கும்.

இப்போ ஐப்பசி. பூ இன்னும் இருக்கு. பனி விழறதுக்குள்ள மிலார் வெட்டி வைக்கணும்.