டபுள் ஷாக் விற்றவன்

பின்பக்கமும் ஷாக் வைத்த சைக்கிள் எங்கள் ஊருக்கு ஆகாது என்பது, முதல் வண்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டும்போதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் விற்றேன். ‘நானும் ஏமாந்துட்டேன்’ என்று இத்தனை காலம் சொல்லி வந்தது பொய்.

ஆர்.கே.பேட்டை தறி ஓடுகிற ஊர். இங்கே சைக்கிளுக்குக் கேரியர் வேண்டும். நூல் மூட்டை, லுங்கிக் கட்டு, பால் கேன், பள்ளிக்கூடம் போகிற தங்கச்சி, எல்லாம் அதில்தான் ஏறும். பின்சக்கரம் தனியாக மேலும் கீழும் ஆடுகிற வண்டியில் கேரியரை எதில் பூட்டுவது? பிரேமில் ஒரு முனை, ஆடும் பகுதியில் ஒரு முனை என்று பூட்டினால் நாலு பள்ளத்தில் வளைந்துவிடும். இது மலைப் பாதைக்கான வண்டி. சோளிங்கர் பக்கம் மலை உண்டு, வாஸ்தவம். அதில் சைக்கிள் ஏற்றுகிறவரை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் வாசலில் நிறுத்தினால் பையன்கள் அதைத்தான் சுற்றி நிற்பார்கள். லாபமும் அதில்தான் கூட.

அந்த டபுள் ஷாக் வண்டியின் ஒய் வடிவ பிரேம் பிறந்த கதை கௌரவமானது. 1990களின் நடுவில் அமெரிக்காவின் ட்ரெக் கம்பெனி அப்படி மலைச் சைக்கிள் செய்தது. பெடல் பிராக்கெட்டும் பின்சக்கரமும் ஒரே துண்டாகச் சேர்ந்து ஆடும். சக்கரம் எவ்வளவு எம்பினாலும் செயின் இழுபடாது, நல்ல யோசனைதான். ஆனால் கரடுமுரடான பாதையில் ஓட்டுகிறவன் சீட்டை விட்டு எழுந்து பெடல்மேல் நிற்பான். நின்றதும் அவன் எடை அந்த ஆடும் துண்டின்மேலேயே இறங்கும், ஷாக் விறைத்துக்கொள்ளும். தேவைப்படும் இடத்தில் வேலை செய்யாத ஷாக் எதற்கு? சில ஆண்டுகளில் பெரிய கம்பெனிகள் அதைக் கைவிட்டன. 1983ல் ஷிமானோ கொண்டுவந்த ‘பயோபேஸ்’ என்ற வட்டமில்லாத செயின் வீலும் இப்படித்தான் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் போனது. அவர்கள் நம்பிச் செய்தார்கள், எடுபடாததும் நிறுத்தினார்கள். என் கடையில் இருந்தது அந்த உருவத்தின் மலிவு நகல். நல்ல ஷாக்கில் துள்ளலை அடக்க உள்ளே ஆயில் இருக்கும். இதில் வெறும் ஸ்பிரிங்.

ஒருவரை மட்டும் மறக்க முடியவில்லை. கூலிக்குத் தறி ஓட்டுகிறவர், மகனோடு வந்தார். ஷாக் இல்லாத சாதா ரேஞ்சர்மேல் கை வைத்து, “இது போதும்ல?” என்றார். “அது ஸ்கூல்ல சும்மா குடுக்கற வண்டி மாதிரிண்ணே. பசங்க கிண்டல் பண்ணுவாங்க” என்றேன், பையன் காதில் விழும்படி. பையன் தலைகுனிந்தான். அவர் கடன் சொல்லி டபுள் ஷாக் எடுத்துப் போனார்.

பையன் சீக்கிரமே திரும்பி வந்தான். “அண்ணா, மிதிச்சா முன்னாடி போவாம கீழ போவுதுண்ணா.”

“புது ஸ்பிரிங்டா. ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்.”

மறுபடி வந்தபோது ஸ்பிரிங் நட்டை ஆன மட்டும் இறுக்கி அனுப்பினேன். ஷாக் அசையவே இல்லை. அதாவது, அவன் அப்பா முதலில் கேட்ட சாதா வண்டியாகவே அதை ஆக்கிக் கொடுத்திருந்தேன், எடைதான் கூட. அதற்கும் கூலி வாங்கினேன். பையன் கும்பிட்டுவிட்டுப் போனான். விற்றதைவிட அந்தக் கூலிதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைத்ததுண்டு, கொடுக்கவில்லை.

பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சீட்டைக் கையால் அழுத்தி விடுங்கள். நிதானமாக எழும்பினால் உள்ளே ஆயில் இருக்கிறது. வெடுக்கென்று துள்ளினால், கடைக்காரர் என்ன சொன்னாலும் கேட்காமல், ஷாக் இல்லாத வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.