இடையில் ஒருவர் வேண்டாம்

யப்பானிய உதைபந்தாட்ட வீரர் ஹிடெற்றோஷி நகாட்டா, 1998ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியின் பின்னர் இத்தாலியின் பெரூஜியா கழகத்திற் சேர்ந்தார். முதல் ஆட்டத்திலேயே பலம் வாய்ந்த யுவென்ரஸ் அணிக்கெதிராக இரண்டு கோல்களைப் போட்டுப் பெரும் புகழ் ஈட்டினார்.

செய்தியாளரோடு அதிகம் ஒட்டாத அவர், அவ்வாண்டிலேயே தமக்கென இணையத்தளம் ஒன்றை அமைத்து இரசிகர்களுடன் நேரடியாக உறவாடினார். இத்தாலிய மொழியைக் கற்றுச் சரளமாகப் பேசியபோதும், தம் மக்களுக்குத் தாய்மொழியிலேயே எழுதினார். 2006 யூலை 3ஆம் நாள், 29ஆவது வயதில் ஓய்வுபெறும் முடிவையும் அத்தளத்திலேயே அறிவித்தார். உலகச் செய்தி நிறுவனங்கள் அதனை வெளியிட்டன.

ரொறன்ரோவில் வளரும் என் மகனும் உதைபந்தாட்டப் பிரியன். தான் விளையாடும் படங்களை யாழ்ப்பாணத்திலுள்ள அம்மம்மாவுக்குத் தவறாது அனுப்புவான். கூடவே ஆங்கிலத்தில் ஒரு வரி. "பிள்ளை என்ன எழுதியிருக்கிறான்?" என்று அவர் என்னிடமே கேட்பார். நான் சொல்லுவேன். பேரனின் குறும்பும் பூரிப்பும் என் வாய்வழி போகையிற் பாதியாகிவிடுகின்றன. எனக்குப் பின் அவர்களுக்கிடையே எவர் நிற்பார்?

மாணவச் செல்வங்களே! நகாட்டாவுக்கு இலட்சக்கணக்கானோர் காத்திருந்தனர். உங்களுக்காக ஊரில் ஒருவரேனும் காத்திருக்கிறார். அவருக்கு நீங்களே தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். எழுத்துப் பிழைகளை அவர் எண்ணப்போவதில்லை. அம்மடலைப் பலமுறை எடுத்து வாசிப்பார்.