ஐந்து கட்டம், 1103 தலைமுறை

கூட்டு வட்டிக் கணக்கு பி.காம் படிக்கிற எவருக்கும் தலைகீழ்ப் பாடம். அசல், வட்டி, வருஷம் மூன்றும் தெரிந்தால் போதும். நூறாவது வருஷத் தொகையைச் சொல்ல நடுவில் உள்ள 99 வருஷத்தையும் கடந்து வர வேண்டியதில்லை. சூத்திரம் ஒரே தாவாகத் தாவிவிடும். அப்படித் தாவ விடாத கணக்கும் ஒன்று இருக்கிறது. அதில் முதலீடு வெறும் ஐந்து கட்டம்.

கேம்பிரிட்ஜ் கணித மேதை ஜான் கான்வே உருவாக்கிய 'லைஃப்' விளையாட்டுதான் அது. 1970 அக்டோபர் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பிறகு உலகம் முழுக்கப் பரவியது. இதை ஆட ஆள் வேண்டாம். கட்டம் போட்ட தாளில் சில கட்டங்களை நிரப்பிவிட்டால் மீதியை விதி பார்த்துக்கொள்ளும்.

விதி புரிய மயிலாப்பூரின் பழைய ஒண்டுக்குடித்தனங்களை நினைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி எட்டு வீடு. அதில் இரண்டு அல்லது மூன்று வீட்டில் ஆள் இருந்தால் நடுவில் இருப்பவர் பிழைப்பார். அதற்குக் குறைந்தால் தனிமையில் சாவு. நான்கு, அதற்கு மேல் என்றால் தீபாவளி நேரத்து ரங்கநாதன் தெருதான், மூச்சு முட்டிச் சாவு. காலி வீட்டைச் சுற்றிச் சரியாக மூன்று பேர் இருந்தால் அங்கே புதுக் குடித்தனம். எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் மாறும். அப்படி ஒரு முறை மாறினால் ஒரு தலைமுறை.

இப்போது ஐந்து கட்டத்தில் ஒரு கூட்டல் குறி போட்டுப் பாருங்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் பத்துத் தலைமுறைக்குள் அடங்கி, நான்கு சின்னக் கோடுகளாக நின்று, நிமிர்ந்தும் படுத்தும் ஆடிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. அதே கூட்டல் குறியின் வலது கையை மட்டும் ஒரு கட்டம் மேலே தள்ளிவிடுங்கள். கோணல்மாணலாக ஒன்று வரும். பெயர் ஆர்-பென்டோமினோ.

அந்தக் கோணல் உருவம் அடங்க 1103 தலைமுறை ஆகிறது! அது வளர்ந்துகொண்டிருக்கும்போதே 69ஆம் தலைமுறையில் ஒரு துண்டு பிரிந்து மூலைவாக்கில் நகர்ந்து போகிறது. 'கிளைடர்' என்று பிற்பாடு புகழ்பெற்றது அதுதான். கார்ட்னரின் கட்டுரை வந்தபோது கான்வே 460 தலைமுறை வரைதான் பின்தொடர்ந்திருந்தார். முடிவு அவருக்கே தெரியாது. கம்ப்யூட்டரில் ஓட்டிய பிறகுதான் 1103 என்று தெரிந்தது. கடைசியில் ஓடிப்போன ஆறு கிளைடர்களையும் சேர்த்து 116 கட்டம்.

இந்த மாதிரி நீண்ட ஆயுள் கொண்ட சின்ன உருவங்களுக்கு, பைபிளில் 969 வருஷம் வாழ்ந்த மெத்தூசலாவின் பெயரை வைத்தார்கள். நம்மூர் மார்க்கண்டேயன் இங்கே பொருந்த மாட்டான். அவனுக்கு முடிவே கிடையாது, இவற்றுக்கு உண்டு. ஏழு கட்ட 'ஏகார்ன்' 5206 தலைமுறை ஓடி 633 கட்டமாகிறது. இன்னொரு ஏழு கட்ட உருவமான 'டைஹார்ட்' 130 தலைமுறை துள்ளிவிட்டு, ஒரு கட்டம்கூட மிச்சமில்லாமல் மறைந்துவிடும்.

சின்ன ஆரம்பத்திலிருந்து விதிப்படி வளரும் இன்னொன்று மாட வீதி வாசல்களில் தினமும் காலையில் நடக்கிறது. கோலத்தைத்தான் சொல்வது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் மூவரும் 1974இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கோலங்களுக்கு இலக்கணம் எழுதலாம் என்று காட்டியது. அதில் விதி தெரிந்தால் அடுத்த அளவுக் கோலம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். போடுகிற அம்மாவுக்கும் முடிவு முதலிலேயே தெரியும்.

லைஃபில் அந்த வசதி இல்லை. எந்த ஆரம்பத்தைக் கொடுத்தாலும் அது அடங்குமா, அடங்காதா என்று சொல்லிவிடும் பொதுவான வழிமுறை இருக்கவே முடியாது என்று கணிதமே நிரூபித்திருக்கிறது. அறிவு போதாததால் அல்ல, விளையாட்டின் இயல்பே அது.

பதினேழு வயது மார்க் ஷீட்டைப் பார்த்து, "இவன் இவ்வளவுதான்" என்று கணக்கு முடித்துவிடுகிறவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. மனிதர்களுக்குக் கூட்டு வட்டிச் சூத்திரம் இருப்பதாக அவர்கள் நம்புகிறார்கள். ஐந்தே கட்டத்துக்கு, மூன்றே விதிக்கு, அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவராலேயே முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்தது.