அடித்துவிட்ட மூன்று வரிகள்

பட்டியலை எழுதியது நான். அதில் மூன்று வரிகளை அடித்ததும் நான்தான்.

2008 ஆகஸ்ட் மாதக் கடைசி. நேபாளத்தில் குசாஹா என்ற இடத்தில் ஆகஸ்ட் 18ஆம் தேதி கோசி நதி கரையை உடைத்துக்கொண்டு, எப்போதோ கைவிட்ட பழைய பாதையில் இறங்கிவிட்டது. பழைய பாதை என்றால் பக்கத்தில் அல்ல, நூறு கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே. பல பத்தாண்டுகளாக வெள்ளத்தையே பார்க்காத கிராமங்கள் அங்கே இருந்தன. சுபோல், மதேபுரா, அராரியா, சஹர்சா, பூர்ணியா என்று பீகாரின் ஐந்து மாவட்டங்களில் 30 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பாதிக்கப்பட்டார்கள்.

நான் வேலை பார்த்த டெல்லி ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சிறு குழு கிளம்பியது. இரண்டு டாக்டர்கள், இரண்டு நர்ஸ்கள், ஒரு மருந்தாளுநர். மருந்துப் பெட்டிகளைக் கட்டும் பொறுப்பு எனக்கு. 22 வருஷ சர்வீஸில் பெரும்பகுதியைப் பிரசவ அறையில் கழித்தவள் என்பதால், பழக்க தோஷத்தில் மூன்று வரிகளைச் சேர்த்து எழுதியிருந்தேன். முதல் வரி பிரசவப் பொட்டலம்: சோப்பு, பிளாஸ்டிக் விரிப்பு, புது பிளேடு, தொப்புள்கொடி கட்ட நூல், குழந்தையைச் சுற்றத் துணி. இரண்டாவது, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு வராமல் தடுக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை. மூன்றாவது ஆணுறை.

குழுவுக்குத் தலைமை ஏற்ற டாக்டர் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். "வெள்ளம் என்றால் பேதி, காய்ச்சல், பாம்புக்கடி. நாம் பிரசவ வார்டு திறக்கப் போகவில்லை, சிஸ்டர்." மூன்றாவது வரிக்கு வந்ததும் மருந்தாளுநர் குறுக்கிட்டார். "அவர்களுக்கு இப்போது அது ஒன்றுதான் குறைச்சல்!" எல்லோரும் சிரித்தோம். நானும்தான். பேனாவை எடுத்து மூன்றையும் அடித்தேன். அந்த இடத்தில் இன்னும் நாலு பெட்டி சலைன் ஏறியது.

சஹர்சா ரயில் நிலையத்தில் இறங்கியபோது பிளாட்பாரத்தில் கால் வைக்க இடமில்லை. மூட்டைகளும் ஆடுகளும் குழந்தைகளுமாக ஊர் பெயர்ந்து வந்திருந்தது. அங்கிருந்து மதேபுரா மாவட்டத்தில் ஒரு கால்வாய்க்கரைக்குப் போனோம். இரண்டு பக்கமும் தண்ணீர். நடுவில் பத்துப் பதினைந்தடி அகலத்துக்கு மண். அதன்மேல் பாலிதீன் விரிப்புகளின் கீழே வரிசையாகக் குடும்பங்கள். அவலும் வெல்லமும் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் படகில் வந்துகொண்டிருந்தன. கழிப்பறை இல்லை. பெண்கள் இருட்டும்வரை காத்திருந்தார்கள். அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள்.

முதல் நாளே ஐந்து கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டேன். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்த வருஷங்களில் பீகாரில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 29 குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தன. 30 லட்சம் பேர் என்றால் நாளைக்கு 230க்கும் மேல். ஆறு திசை மாறியதற்காகப் பிரசவம் தள்ளிப்போகாது. டெல்லியில் உட்கார்ந்து இரண்டு நிமிஷத்தில் போட்டிருக்கக்கூடிய கணக்கு இது.

இரண்டாம் நாள் ஒரு பெண் கூடாரத்துக்குப் பின்னால் வந்து நின்று, தலைவலி மாத்திரை கேட்பது போல ஆரம்பித்தாள். கடைசியில் விஷயம் வெளியே வந்தது. அவள் சாப்பிட்டுவந்த மாலா-டி அட்டை தண்ணீரோடு போய்விட்டது. வேறு கிடைக்குமா? மருந்தாளுநர் பக்கத்தில்தான் இருந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் இரவு பத்து மணிக்கு ஒரு கிழவி என்னைக் கூட்டிப்போக வந்தாள். அந்த ஊர்ப் பேச்சில் மருத்துவச்சிக்கு 'தாயி' என்று பெயர். நம் காதுக்குப் பொருத்தமான சொல்தான். குழந்தை பிறந்து அரைமணி ஆகியிருந்தது. பெண் குழந்தை, நல்ல குரல். யாரோ முகம் மழிக்க வைத்திருந்த பிளேடைக் கொதிக்கவைத்துக் கொடியை அறுத்திருந்தாள் தாயி. நஞ்சும் முழுதாக விழுந்துவிட்டது. ரத்தம்தான் நிற்கவில்லை.

அவளுக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். இரண்டாவது பிரசவம். கணவன் பஞ்சாபில் கூலி வேலைக்குப் போயிருந்தான். கர்ப்பிணி அட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தாள். வெள்ளம் வராமலிருந்தால் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். ஜனனி சுரக்ஷா திட்டத்தில் 1,400 ரூபாயும் வாங்கியிருப்பாள்.

தெரிந்ததையெல்லாம் செய்தேன். வயிற்றைத் தேய்த்துக் கருப்பையை இறுக வைக்கப் பார்த்தேன். குழந்தையை மார்பில் போட்டோம். இரண்டு கைகளிலும் சலைன் ஏற்றினோம். உள்ளே ஒரு கை, வெளியே ஒரு கை வைத்து அழுத்திப் பிடித்தேன். பிடித்தால் குறைந்தது, விட்டால் கொட்டியது. ஆக்ஸிடோசின் ஊசி இல்லை. மூன்று மிசோப்ரோஸ்டால் மாத்திரைகள் போதும், உரிய நேரத்தில் விழுங்கியிருந்தால் இந்த நிலை வராமலே போயிருக்கலாம். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், ஐஸ் பெட்டிகூட வேண்டாம். படகுக்காரர்கள் இரவில் வர மறுத்தார்கள். தண்ணீருக்கடியில் மரமும் மின்கம்பமும் இருந்தன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டு மணிக்கு முன்னால் அவள் போய்விட்டாள்.

வேறொன்றையும் சொல்ல வேண்டும். டாக்கா மருத்துவக் கல்லூரியில் சயீபா அக்தர் என்ற மகப்பேறு மருத்துவர் ஒரு வழியைக் கண்டுபிடித்தார். 2003லேயே அது வெளியாகிவிட்டது. ரப்பர் குழாயின் நுனியில் ஆணுறையைக் கட்டிக் கருப்பைக்குள் செலுத்தி, அதில் சலைனை நிரப்புவது. பலூன் போல உப்பி உள்ளிருந்து அழுத்தும்போது ரத்தம் நிற்கும். எனக்கு இது 2011ல் ஒரு பயிற்சி வகுப்பில்தான் தெரிந்தது. அந்த இரவில் எங்கள் பெட்டியில் ரப்பர் குழாய் இருந்தது, நூல் இருந்தது, சலைன் வேண்டிய மட்டும் இருந்தது. வகுப்பு முடிவதற்குள் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அதே வகுப்பில்தான் இன்னொன்றும் தெரிந்தது. போர், பஞ்சம், வெள்ளம் எதுவானாலும் முதல் நாளிலிருந்தே பெண்களுக்கு என்னென்ன தேவை என்று ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு குறைந்தபட்சத் தொகுப்பை வகுத்திருக்கின்றன. கெய்ரோவில் 1994ல் நடந்த மக்கள்தொகை மாநாட்டைத் தொடர்ந்து பிறந்த முயற்சி அது. 1999லேயே கையேடு வந்துவிட்டது. வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு சிகிச்சை, சுத்தமான பிரசவம், ரத்தம், ஹெச்.ஐ.வி. தடுப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. நான் அடித்த முதல் வரியின் பொட்டலம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. தேவையற்ற கர்ப்பத்தைத் தடுப்பதைத் தனி நோக்கமாகச் சேர்க்க மட்டும் 2018 பதிப்புவரை ஆனது. அங்கேயும் யாராவது சிரித்திருப்பார்களோ என்னவோ.

செய்ய முடியாத காரியமா? 2024 அக்டோபரில் டானா புயல் வருவதற்கு முன்பே ஒடிசாவில் 4,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தேடிப்பிடித்து மருத்துவமனைகளில் சேர்த்தார்கள். பட்டியல் கையில் இருந்ததால் முடிந்தது. என்னிடம் வந்தவளும் ஏதோ ஒரு பட்டியலில் இருந்தவள்தான், அட்டையே சாட்சி.

கணவன் நாலு நாள் கழித்து வந்து சேர்ந்தான். நிவாரண அலுவலகத்துக்கு அவனோடு போனேன். எழுத்தர் மரியாதையாகத்தான் பேசினார். "இந்தப் பதிவேடு வெள்ளத்தில் இறந்தவர்களுக்கு. இவள் பிரசவத்தில் இறந்தவள்." எங்கள் டாக்டர் கொடுத்த சான்றிதழிலும் ரத்தப்போக்கு என்றுதான் எழுதியிருந்தது. பொய் இல்லை. நான் எழுதியிருந்தால் வெள்ளம் என்று எழுதியிருப்பேன், அதுவும் பொய்யாகியிருக்காது. அவன் என்னைப் பார்த்து, "விடுங்கள் தீதி" என்றான். குழந்தையை அவன் அண்ணி எடுத்துக்கொண்டாள். அவளுக்கும் கைக்குழந்தை இருந்ததால் பால் இருந்தது.

அந்த இரவுக்கு மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தாயி எங்கள் கூடாரத்துக்கு வந்தாள். என்னைத் திட்ட வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். அவள் தூங்கியிருக்கவில்லை, கைகளை மண் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாள். புது பிளேடு இருக்கிறதா, சோப்பு இருக்கிறதா என்று கேட்டாள். காயம் தைக்கும் பெட்டியைக் கவிழ்த்து மூன்று பிளேடுகளும் கொஞ்சம் தையல் நூலும் எடுத்தேன். என் பையிலிருந்த குளியல் சோப்பையும் சேர்த்துக் கொடுத்தேன். அவள் பிளேடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

"இந்தக் கரையில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள்" என்றாள்.