அட்லஸில் கட்டைவிரல் அகலம்

எங்கள் ஏழாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தில் இரண்டாம் உலகப் போருக்கு இரண்டே பக்கம். 1939இல் ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்தார். 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. மிச்சமெல்லாம் காரணங்கள், விளைவுகள். முற்றத்தில் உட்கார்ந்து அதைச் சத்தம்போட்டு உருப்போட்டுக்கொண்டிருந்தேன். சாய்வு நாற்காலியிலிருந்து ஐயா, அப்பாவைப் பெற்ற தாத்தா, கேட்டார்: “ரங்கூன் எங்கடா வருது?”

வரவே இல்லை. ஐயாவுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

ஐயா சின்ன வயசில் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் அடுத்தாளாக உயர்ந்தவர். பேரேட்டில் காலணா இடித்தால்கூடத் தூங்கமாட்டார். அப்படிப்பட்டவர் சரித்திரப் புத்தகத்தில் ஒரு ஊரே விடுபட்டதைச் சும்மா விடுவாரா? அட்லஸை எடுத்துவரச் சொன்னார். பென்சிலால் ரங்கூனைச் சுற்றி வட்டம் போட்டார்.

1941 டிசம்பர் 23. காலையில் ஜப்பான் விமானங்கள் வந்தன. அதற்கு முன் அந்த ஊர் அப்படி எதையும் பார்த்ததில்லை. “அம்புட்டுப் பேரும் ரோட்டுல நின்னு அண்ணாந்து வேடிக்கை பாத்தாங்கடா. அதான் செத்தாங்க. உள்ள இருந்தவன் பொழச்சான்.” ஐயா பெட்டகத்தைப் பூட்டப் போனதால் உள்ளே இருந்தார். அன்று ஆயிரத்துக்கு மேல் இறந்தார்கள் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஐயா எண்ணிக்கை சொன்னதில்லை. மறுநாள் தெருக் கூட்ட ஆள் இல்லை, சந்தை இல்லை, துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆள் இல்லை என்றுதான் சொன்னார். தெலுங்குக் கூலியாட்களும் தமிழ்க் கூலியாட்களும் ஊரைவிட்டு நடக்கத் தொடங்கியதும் ரங்கூன் நின்றேபோயிற்றாம். ஒரு நகரம் யாரால் நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடமும் எனக்குச் சொன்னதில்லை.

கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் போனார்கள். ஐயாவுக்குக் கிடைக்கவில்லை. மாந்தளை வரை ரயில். சிண்ட்வின் ஆற்றில் கலேவா வரை படகு. அங்கிருந்து தாமு, பலேல், இம்பால், கடைசியாகத் திமாப்பூர் ரயிலடி. அட்லஸில் கலேவாவிலிருந்து திமாப்பூர் கட்டைவிரல் அகலம்கூட இல்லை. அந்த அகலத்துக்குள் காலராவும் மலேரியாவும் இருந்தன. தண்ணீர் கிடைக்கிற இடத்தில் பிணம் கிடக்கும் என்பார் ஐயா. தாகம் எடுத்தவர்கள் அதுவரைதான் வந்து சேர்ந்தார்கள். நல்ல வழியை வெள்ளைக்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டு நம்மவர்களை மோசமான வழியில் தள்ளுகிறார்கள் என்று அப்போதே காங்கிரஸ்காரர்கள் கண்டித்தார்கள். ஐயாவைக் கேட்டால், “எனக்கு ஒரு வழிதான் தெரியும். முன்னால போறவன் முதுகு” என்பார். 1942இல் இப்படிப் பர்மாவிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் சில லட்சம் பேர். வழியில் விழுந்தவர்களை யாரும் சரியாக எண்ணவில்லை.

அப்பத்தாவுக்கு யுத்தம் என்றால் அரிசி. அதே வருஷம் மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் ஜப்பான் வசமானது. பர்மா அரிசி வருவது நின்றது. கம்பங்கூழும் கேப்பைக்களியுமாக ஓட்டியதையும், ரேஷன் அரிசியில் கல் பொறுக்கியே கண் கெட்டதையும் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்துச் சொல்வாள். 1943இல் வங்காளத்தில் பஞ்சம் வந்து சுமார் முப்பது லட்சம் பேர் செத்ததற்கும் அந்தப் பர்மா அரிசி நின்றது ஒரு காரணம். எங்கள் புத்தகத்தின் ‘விளைவுகள்’ பட்டியலில் ஐக்கிய நாடுகள் சபை இருந்தது, அரிசி இல்லை.

இப்போது பிள்ளைகளுக்கென்று வருகிற போர்ப் புத்தகங்களைப் புரட்டுகிறேன். வழவழ தாள், டாங்கிகள், ஹிட்லர் மீசை. டாங்கி வேண்டாம் என்று சொல்லமாட்டேன், எனக்கும் அந்த வயசில் பிடிக்கும். ஆனால் எத்தனை மில்லிமீட்டர் பீரங்கி என்று தெரிந்த பையனுக்கு, அந்தப் பீரங்கிக்குப் பயந்து ஓடியவன் சோற்றுக்கு என்ன செய்தான் என்று தெரிவதில்லை.

அன்று ஐயா அட்லஸில் வழிநெடுக இழுத்த பென்சில் கோட்டைப் பார்த்த எங்கள் சரித்திர வாத்தியார், 1944இல் ஜப்பான் படையும் நேதாஜியின் படையும் அதே தாமு வழியாகத்தான் இம்பாலை நோக்கி வந்தன என்றார். அதோடு நிற்காமல் ஐயாவையே வகுப்புக்கு அழைத்துவிட்டார். ஐயா வெள்ளை வேட்டி, மேல்துண்டோடு வந்து நின்றார். முதல் கேள்வி, “ஜப்பான்காரன் எப்படி இருப்பான் தாத்தா?”

“நான் ஒருத்தனைக்கூடப் பாக்கலையே” என்றார் ஐயா.

வகுப்பு சப்பென்று ஆகிவிட்டது. துப்பாக்கியும் சுடவில்லை, எதிரியையும் பார்க்கவில்லை, இதென்ன யுத்தம்? எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “அப்ப வழியில என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டான். ஐயா மேசை மேல் கையை ஊன்றிக்கொண்டு, கலேவாவில் வாங்கிய பச்சரிசியிலிருந்து ஆரம்பித்தார். மணி அடித்தபோது தாமுவைக்கூட எட்டவில்லை. அடுத்த பாடத்துக்கு வந்த கணக்கு வாத்தியாரும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.