மடியில் கனம்

‘மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை’ என்ற பழமொழி ஓர் ஆணை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. வேட்டி மடிப்பில் காசை முடிந்துகொண்டு வழிநடந்தவனுக்குத்தான் கனமும் பயமும் சேர்ந்தே வந்தன. காசில்லாத நாளில் அவனுக்குப் பயமும் இல்லை. பெண்ணுக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. மடி வெறுமையாக இருந்தபோதும் அவளுக்கு வழியில் பயம் இருந்தது. கனமும் இருந்தது. ஆனால் அது குடமாக இடுப்பிலும் சுள்ளிக்கட்டாகத் தலையிலும் இருந்தது. அவள் மடியில் கிடந்ததெல்லாம் பிள்ளைதான்.

இன்று பெண்கள் தம் பணத்தில் வாங்கி, தம் மடியில் வைத்துக்கொள்ளும் ஒரு கனம் வந்திருக்கிறது. மடிக்கணினி. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றி ஒரு பெண்ணியக் கட்டுரை எதற்கு என்று கேட்கலாம். கடைக்காரர் சொல்லமாட்டாரா, தம்பி பார்த்துத் தரமாட்டானா என்றும் கேட்கலாம். சொல்வார்கள், தருவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி, உதவித்தொகையில் மிச்சம்பிடித்து மடிக்கணினி வாங்க நினைத்தாள். தினமும் இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்கு வருகிறவள். வீட்டில் பேச்செடுத்ததும் அண்ணன் ஒரு மாதிரியைத் தேர்ந்துவிட்டான். 15.6 அங்குலத் திரை, விளையாட்டுகளுக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு, 2.3 கிலோ எடை, அரைக் கிலோவுக்குக் குறையாத சார்ஜர். “பெரிசா இருந்தா வீட்ல எல்லாரும் பாத்துக்கலாம்ல” என்பது அப்பாவின் வாதம். அவள் என்னிடம் வந்து, “அம்மா, அது நல்ல மெஷின்தான். ஆனா என்னால தூக்கிட்டு வர முடியாது” என்றாள். தூக்க முடியாது என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தக் கூச்சம் எங்கிருந்து வருகிறது? 15 லிட்டர் பிடிக்கும் குடம் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. அதைச் சுமந்த நம் அம்மாக்களின் இடுப்பை யாரும் தராசில் நிறுத்திப் பார்த்ததில்லை. சுமை என்பது பெண்ணுக்கு இயல்பு என்றாகிவிட்ட இடத்தில், ஒரு பெண் ‘எவ்வளவு எடை?’ என்று கேட்பதே சொகுசாகத் தெரிகிறது. நாங்கள் போன கடையிலும் விற்பனையாளர், “ஒரு கிலோ வித்தியாசத்துக்கா மேடம் இவ்ளோ யோசிக்கிறீங்க?” என்று சிரித்தார். அந்த ஒரு கிலோவோடு அவள் பையில் ஒரு லிட்டர் தண்ணீர், மதியச் சாப்பாடு, குடை, இரண்டு புத்தகங்கள் இருக்கும். தோளில் குத்திய சேலை முந்தானைமேல் பையின் வார் அழுந்தும். ஒரு கை மேல்கம்பியில் இருக்கும். மறுகையால் பையை முன்பக்கம் இழுத்து மார்பை மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். 2021 மே முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தச் சலுகை எத்தனையோ பெண்களை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்திருக்கிறது. நெரிசலில் நிற்கும் அந்த உடலை நினைத்துத்தான் கருவியின் எடையைக் கணக்கிட வேண்டும்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கனமான கருவி வீட்டில் தங்கிவிடும். வீட்டில் தங்குவது வீட்டுக்குச் சொந்தமாகிவிடும். முதல் வாரம் சுமந்து வருவாள். இரண்டாம் வாரம் தோள் வலிக்கும். மூன்றாம் வாரம் அது கூடத்து மேசையில் இருக்கும், அண்ணன் அதன் முன்னால் இருப்பான். 2011இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபின் அதைப் பெற்ற மாணவியர் பலர் என் வகுப்புகளுக்கு வந்திருக்கிறார்கள். ‘உன் லேப்டாப் எங்கே?’ என்று கேட்டால், ‘வீட்ல இருக்கு, தம்பி வச்சிருக்கான்’ என்ற பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பெண்ணின் பெயரில் வந்த பொருள் பெண்ணோடு இருக்கிறதா என்பதை எடையும் தீர்மானிக்கிறது. தன்னோடு கூட வருவதுதான் தன்னுடையது.

எழுத விரும்பும் பெண்ணுக்குச் சொந்த அறையும் ஆண்டுக்கு 500 பவுண்டு வருமானமும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதினார். என் மாணவிக்கு அறை கிடைக்க இன்னும் நாளாகும். அதுவரை மூடித் திறக்கவும் கடவுச்சொல் இடவும் முடிகிற ஒரு கருவி அவளுக்கு அறையாக இருக்கட்டும்.

அதனால் இப்படித் தேர்ந்தோம். விளம்பர அட்டையில் போடும் எடை பெரும்பாலும் சார்ஜர் இல்லாத எடை. ஆகவே இரண்டையும் சேர்த்துக் கையில் தூக்கிப் பார்த்தோம். யுஎஸ்பி-சி வழியே மின்னேறும் கருவியென்றால் உள்ளங்கைக்குள் அடங்கும் சார்ஜர் போதும். தமிழாய்வுக்குக் கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. வருடிய பழைய நூல்களைப் படிக்கவும், தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்யவும் தெளிவான திரையும் கைக்கு இதமான விசைகளும் வேண்டும். மெல்லிய கருவிகள் பலவற்றில் ரேமைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்திருப்பார்கள், பின்னால் கூட்ட முடியாது. எனவே முதலிலேயே 16 ஜிபி. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி பேருந்தின் குலுக்கலைத் தாங்கும். பிளக் பாயிண்ட் தேடி அலையாதபடி பேட்டரி ஒரு பகல் முழுக்க நிற்க வேண்டும். இதே திறனுள்ள கனமான கருவியைவிட இலேசானது விலை கூடுதல்தான். அந்தக் கூடுதல் விலை அவள் தோளுக்கான விலை. கடைசியில் 1.3 கிலோவில் ஒரு 14 அங்குலக் கருவி வாங்கினாள். ஆறு பெருந்தொகுதிகளாக நூலகத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களும் இப்போது அந்த 1.3 கிலோ வழியே அவள் மடிக்கு வருகின்றன.

அடுத்து உறை. தமிழில் இது அழகான சொல். தலையணைக்கும் வாளுக்கும் உறை உண்டு. பாலைத் தயிராக்கும் துளி மோரும் உறைதான். வினையாக வரும்போது உறைதல் என்பது வாழ்தல். உறைவிடம் என்று வீட்டையும் சொல்கிறோம்.

கடையில் ‘14 இன்ச் உறை’ என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் 14 அங்குலம் என்பது திரையின் மூலைவிட்டம் மட்டுமே, அதாவது ஏறத்தாழ 35.6 செ.மீ. அதே மூலைவிட்டத்தில் 16:9 திரை 31 செ.மீ. அகலமும் 17.4 செ.மீ. உயரமும் இருக்கும். 16:10 திரை 30.2 செ.மீ. அகலமும் 18.8 செ.மீ. உயரமும் இருக்கும். திரையைச் சுற்றியுள்ள விளிம்பும் கருவிக்குக் கருவி மாறும். ‘முப்பத்தாறு சைஸ்’ என்று சொல்லி ரவிக்கை வாங்கினால் தோளில் தொங்கும், கையில் பிடிக்கும் என்பது நமக்குத் தெரியாதா? அதனால்தானே தையல்கார அக்காவிடம் அளவு ரவிக்கை கொடுக்கிறோம். இங்கேயும் அதே அறிவுதான். இஞ்ச் டேப்பால் கருவியின் நீளம், அகலம், தடிமன் மூன்றையும் அளந்துகொண்டு போக வேண்டும். முடிந்தால் கருவியையே கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்க வேண்டும்.

உறை தளர்ந்திருந்தால் கருவி உள்ளே சரிந்து, பையைக் கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் மூலை இடிபடும். இறுக்கமாக இருந்தால் ஜிப் பிதுங்கிச் சீக்கிரம் விட்டுப்போகும். ஜிப்பின் பற்கள் கருவியைக் கீறாதபடி உட்பக்கம் ஒரு துணிப்பட்டை இருக்க வேண்டும். மூலைகளிலும் அடியிலும் திண்டு கூடுதலாக இருப்பது நல்லது. நியோப்ரீன் என்பது கடலில் மூழ்குவோர் அணியும் உடையின் ரப்பர்த் துணி. அதன் வழியே நீர் புகாது, ஆனால் ஜிப் வழியும் தையல் வழியும் புகும். ஐப்பசி மழைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் உறையும் வேண்டும். கருவியை அணைத்துவிட்டு உறையிலிட வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே சூடேறும். சார்ஜரை அதே உறையில் திணித்தால் கூட்ட நெரிசலில் திரையை அழுத்தும். என் மாணவி ஒரு தையல்கார அக்காவிடம் கருவியையே அளவாகக் கொடுத்து, பழைய பருத்திச் சேலைக்கு நடுவே பஞ்சுத்தகடு வைத்துத் தைத்து வாங்கினாள். சரியாக அரை சென்டிமீட்டர் தளர்வு.

எழுதிய பெண்களுக்கு நெடுங்காலம் உறை என்பது மறைவிடமாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி ஏட்டின் ஒரு பக்கத்தை எடுத்துச் சமையலறையில் ஒளித்துவைத்துக்கொண்டு படிக்கக் கற்றார். நம் காலத்தில் சல்மா இரவில் கழிப்பறைக்குள் நின்று கவிதை எழுதினார். அவர்களுடைய உறை, பார்வையிலிருந்து காப்பதற்கானது. இன்று வேண்டியது இடியிலிருந்தும் மழையிலிருந்தும் காக்கும் உறை. எல்லார் கண்ணெதிரிலும் மேசைமேல் வைத்துத் திறக்கிற உறை.

வாங்கிய மறுவாரமே அண்ணன் கருவியைக் கேட்டிருக்கிறான். அவள் மறுக்கவில்லை. “ஞாயித்துக்கிழமை காலையில, நான் வீட்ல இருக்கறப்ப” என்று நேரம் சொல்லியிருக்கிறாள். கருவிக்குள் அவன் பெயரில் தனியாக ஒரு கணக்கும் திறந்து கொடுத்திருக்கிறாள். திரையில் அவள் பெயருக்குக் கீழே, இரண்டாவதாக.